‘கிடைக்குமா?’: திருச்சியின் இரண்டு சட்டக் கதவுகளும் முதல் தலைமுறை மாணவரின் கணக்கும்

பிளஸ் டூ முடிவுகள் வெளியாகும் மே மாதத்தில், சட்டம் படிக்க விரும்பும் தலித் மாணவர் ஒருவர் தம்மைச் சுற்றி இரண்டு குரல்களைக் கேட்கிறார். ‘இந்த மதிப்பெண்ணுக்கு லா காலேஜ் எங்கே கிடைக்கப்போகிறது, ஏதாவது டிகிரியில் சேர்’ என்பது ஒன்று. ‘உனக்கென்ன, கோட்டா இருக்கிறது, தானாகக் கிடைத்துவிடும்’ என்பது மற்றொன்று. முதற்குரல் பெரும்பாலும் வீட்டுக்குள்ளிருந்தும், சில வேளைகளில் வகுப்பறையிலிருந்தும் வருகிறது. இரண்டாவது குரல் எங்கிருந்து வருகிறது என்பதை இவ்வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டுக்கும் பொதுவான ஒரு குணம் உண்டு. இரண்டுமே எந்தப் பட்டியலையும் பார்த்துவிட்டுப் பேசுவதில்லை.

சட்டக் கல்லூரி வாய்ப்பைக் கணிப்பது எளிய காரியமன்று. ஆனால் அது சோதிடமும் அன்று. விதிகள் அச்சில் உள்ளன. முந்தைய ஆண்டுகளின் கட்-ஆஃப் விவரங்கள் கிடைக்கின்றன. அவற்றை வாசித்துக் காட்ட வீட்டில் ஒரு பட்டதாரி இருக்கிறாரா என்பதில்தான் வேறுபாடு தொடங்குகிறது. திருச்சிராப்பள்ளி மாவட்டத்தை எடுத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவாகப் புலப்படும். ஒரே மாவட்டத்தில் இரு வகைச் சட்டக் கல்வி நிறுவனங்கள் உள்ளன. 1979-இல் தொடங்கப்பட்ட திருச்சி அரசு சட்டக் கல்லூரி ஒன்று. ஸ்ரீரங்கம் வட்டத்தில் திண்டுக்கல் சாலையையொட்டி நவலூர்குட்டப்பட்டில் இயங்கும் தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் மற்றொன்று. இரண்டையும் உருவாக்கியது தமிழ்நாட்டு அரசுதான். ஆனால் இரண்டின் வாசல்களும் வெவ்வேறு மாதங்களில், வெவ்வேறு மொழிகளில், வெவ்வேறு விலையில் திறக்கின்றன.

முதலில் அரசு சட்டக் கல்லூரி. 1997 முதல் செயல்படும் டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் இணைவு பெற்ற கல்லூரி இது. ஐந்தாண்டுப் படிப்புக்குப் பிளஸ் டூ மதிப்பெண், மூன்றாண்டுப் படிப்புக்குப் பட்டப்படிப்பு மதிப்பெண் என்பதே அடிப்படை. நுழைவுத் தேர்வு இல்லை. பொதுப் பிரிவினருக்கு 45 விழுக்காடும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்க்கு 40 விழுக்காடும் குறைந்தபட்சத் தகுதி என்று இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் 2008-ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகள் கூறுகின்றன. இங்கேதான் முதல் பிழை நேர்கிறது. ‘தகுதி மதிப்பெண் எடுத்துவிட்டேன், இடம் உறுதி’ என்று ஒருவர் நினைக்கிறார். நாற்பது என்பது விண்ணப்பிக்கும் உரிமை மட்டுமே. இடத்தைத் தீர்மானிப்பது தரவரிசை. நம் மக்களிடையே சட்டப் படிப்பின் மீதான நாட்டம் எப்போதுமே அதிகம். ஆகவே பட்டியல் சாதிப் பிரிவுக்குள்ளேயே போட்டி கடுமையாக இருக்கிறது. ‘கோட்டாவில் தானாகக் கிடைக்கும்’ என்பவர்கள் ஒரே ஒருமுறை சமூகவாரியான கட்-ஆஃப் பட்டியலைத் திறந்து பார்த்தால் போதும்.

எதிர்த்திசைப் பிழையும் உண்டு. அதுவே அதிகம் சேதம் விளைவிப்பது. செய்தித்தாளிலும் கைப்பேசியிலும் மாணவர் கண்ணில் படுவது பொதுப் பிரிவின் கட்-ஆஃப். அதைத் தம் மதிப்பெண்ணோடு ஒப்பிட்டுவிட்டு விண்ணப்பமே போடாமல் விலகுகிறார். ஒரு கல்லூரியில் நூறு இடங்கள் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 69 விழுக்காட்டுச் சட்டத்தின்படி பட்டியல் சாதியினருக்கு 18, அதற்குள் அருந்ததியருக்கு 3, பழங்குடியினருக்கு 1, ஏனைய பிற்படுத்தப்பட்ட பிரிவுகளுக்கு 50. எஞ்சிய 31 யாருக்கு? ‘அது முன்னேறிய சாதியினருக்கு’ என்று கல்லூரி மாணவர்களே சொல்லக் கேட்டிருக்கிறோம். அது அனைவருக்குமான பொதுப் போட்டி இடம். தலித் மாணவர் ஒருவர் தம் மதிப்பெண்ணால் அந்த 31-க்குள் வந்தால், அவர் அங்கேதான் கணக்கிடப்பட வேண்டும். 18-இல் ஒன்று குறைக்கப்படக் கூடாது. இந்திரா சகானி வழக்கு தொடங்கிப் பல தீர்ப்புகளில் உறுதிப்பட்ட கோட்பாடு இது. இதில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. பொதுத் தரவரிசையில் இடம்பெற்ற மாணவர், தாம் விரும்பும் குறிப்பிட்ட கல்லூரி இடஒதுக்கீட்டின் வழியாகத்தான் கிடைக்கும் எனில் அதைத் தேர்ந்துகொள்ளலாம். அதனால் அவருடைய சமூகத்தின் இடஒதுக்கீட்டுக் கணக்கு பாதிக்கப்படக் கூடாது என்று 1996-இல் ரித்தேஷ் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. மகாராட்டிர மருத்துவ இடங்கள் குறித்த வழக்குதான் அது. ஆயினும் கலந்தாய்வில் அமரும் எந்த மாணவரும் தெரிந்திருக்க வேண்டிய தீர்ப்பு.

அருந்ததியர் உள்ஒதுக்கீடு பற்றியும் சொல்ல வேண்டும். 2009-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த மூன்று இடங்களில் முன்னுரிமை தருகிறது. மீதமுள்ள பட்டியல் சாதி இடங்களுக்கு அருந்ததியர் போட்டியிடுவதை அது தடுக்கவில்லை. தகுதியுடையோர் இல்லாமற்போனால் அந்த இடம் ஏனைய பட்டியல் சாதியினருக்குச் செல்லும். பட்டியலுக்குள் உட்பிரிவு செய்யும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு என 2024 ஆகஸ்ட் 1 அன்று ஏழு நீதிபதிகள் அமர்வு 6-க்கு 1 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்த பின், இதன் சட்டநிலை பற்றிய ஐயம் நீங்கிவிட்டது. அத்தீர்ப்பில் சில நீதிபதிகள் பட்டியல் சாதியினருக்குள் ‘கிரீமி லேயர்’ பற்றி எழுதியவை வேறு விவாதம். இப்போதைக்கு இந்தக் கலந்தாய்வில் அப்படியொரு வடிகட்டி இல்லை என்பதைப் பதற்றமடைந்த பெற்றோருக்குச் சொல்லிவைப்பது நல்லது.

திருச்சிக்கென்றே உரிய ஒரு சிக்கல் கிறித்தவ தலித்துகளுடையது. மறைமாவட்டமும் மிஷன் பள்ளிகளும் வேரூன்றிய இந்நகரில் தலித் கிறித்தவக் குடும்பங்கள் கணிசம். 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் காரணமாக அவர்கள் பட்டியல் சாதிக்குள் வருவதில்லை. தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பிரிவில் வைக்கப்பட்டுள்ளனர். ஒரே தெருவில், ஒரே வகைத் தீண்டாமையை எதிர்கொள்ளும் இரு மாணவர்கள் இரு வேறு கட்-ஆஃப்களைப் பார்க்க வேண்டியிருக்கிறது. சீக்கியருக்கு 1956-இலும் பௌத்தருக்கு 1990-இலும் திறந்த கதவு இவர்களுக்கு இன்னும் மூடியே கிடக்கிறது. கே.ஜி. பாலகிருஷ்ணன் ஆணையம் 2022-இல் அமைக்கப்பட்டதும் இந்தக் கேள்விக்காகத்தான். ஆணையம் எப்போது அறிக்கை தந்தாலும், இந்த ஆண்டு விண்ணப்பிக்கும் மாணவி தம்மைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்தே கணிக்க வேண்டும் என்பது கசப்பான நடைமுறை.

இதற்கு இணையாக, பலரும் கணக்கில் சேர்க்க மறக்கும் ஒரு வாய்ப்பும் உண்டு. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை பயின்றோர்க்கு 7.5 விழுக்காடு முன்னுரிமை இடங்கள். மருத்துவத்துக்கு 2020-இல் வந்ததைப் பலரும் அறிவர். 2021 ஆகஸ்டில் பொறியியல், வேளாண்மை, சட்டம் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கும் இது விரிந்தது என்பதை அறிந்தோர் குறைவு. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் இதில் அடங்கும். இந்த 7.5-க்குள்ளும் 69 விழுக்காட்டு முறை உண்டு. எனவே நலப் பள்ளியில் படித்த தலித் மாணவியின் வாய்ப்பு பொதுவான பட்டியல் சாதிக் கட்-ஆஃபைக் கொண்டு மட்டும் அளக்கத்தக்கதன்று. அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்க்கு இது பொருந்தாது என்பது மிஷன் பள்ளிகள் நிறைந்த திருச்சியில் மீண்டும் நம் பிள்ளைகளையே பாதிக்கிறது.

மூன்றாண்டுப் படிப்பை நாடுவோர்க்கு ஒரு எச்சரிக்கை. பத்தாம் வகுப்போ பிளஸ் டூவோ முறையாக முடிக்காமல், வயது அடிப்படையில் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகச் சேர்ந்து பட்டம் பெற்றவர்களைச் சட்டப் படிப்புக்கு ஏற்க முடியாது என்கின்றன வழக்கறிஞர் மன்றத்தின் விதிகள். பன்னிரண்டு, பின் பட்டம் என்ற வரிசை இருக்க வேண்டும். கூலி வேலைக்குப் போய், நடுவில் படிப்பை விட்டு, முப்பது வயதில் பட்டம் வாங்கிய எத்தனையோ தோழர்களின் கனவு இந்த ஒரு விளக்கக் குறிப்பில் மோதி நிற்கிறது. படிப்பு இடையில் அறுபடுவது எந்தச் சமூகத்தில் அதிகம் என்பதை இந்த விதியை எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. பிளஸ் டூவைத் தனித்தேர்வராகவேனும் முடித்துவிட்டுப் பட்டம் பயில்வதே இப்போதைக்குப் பாதுகாப்பு. வயது பற்றிய அச்சம் வேண்டாம்: 2016-இல் மீண்டும் கொண்டுவரப்பட்ட வயது வரம்பை 2017-இல் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது.

இனி நவலூர்குட்டப்பட்டு. தமிழ்நாடு சட்டமன்றம் 2012-இல் இயற்றிய சட்டத்தின்படி இந்தப் பல்கலைக்கழகம் உருவானது. அப்போது ஸ்ரீரங்கம் தொகுதியின் உறுப்பினராக இருந்தவர் முதலமைச்சர் ஜெயலலிதாவே. மாநிலத்தின் ஒரே தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் இந்த வட்டத்தில் அமைந்ததற்கு அது தொடர்பற்றதன்று. இடங்கள் அகில இந்தியப் பிரிவு, தமிழ்நாட்டுப் பிரிவு என இரண்டாகப் பகுக்கப்படுகின்றன. தமிழ்நாட்டுப் பிரிவில் நம் மாநில இடஒதுக்கீட்டு முறை செயல்படுகிறது. ஆனால் அந்த இடத்துக்கு வரும் வழி கிளாட் என்னும் அகில இந்திய நுழைவுத் தேர்வு.

பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் மாநில நுழைவுத் தேர்வை ஒழித்த மாநிலம் இது; நீட் தேர்வுக்கு எதிராக இன்றும் சட்டமன்றத்தில் தீர்மானம் இயற்றும் மாநிலம். நீட் மத்திய அரசு திணித்தது என்று சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. தன் சொந்தச் சட்டத்தால் தன் சொந்த நிலத்தில் எழுப்பிய பல்கலைக்கழகத்தின் வாசலில் கிளாட் நிற்பதற்கு என்ன விளக்கம்? சமூகநீதி பேசும் கட்சிகளுள் எதுவும் இதை உரத்துக் கேட்டதாக நினைவில்லை. சட்டப் படிப்பைத் தேர்வு செய்யும் ஏழை மாணவர்கள் எண்ணிக்கையில் சிறியவர்கள், வாக்கு வங்கியாக மாறாதவர்கள் என்பது தவிர வேறு காரணம் தென்படவில்லை.

கிளாட் எப்படி வடிகட்டுகிறது? மதிப்பெண்ணுக்கு முன்பாக நாட்காட்டி வடிகட்டுகிறது. 2024-இல் டிசம்பர் 1 அன்றும் 2025-இல் டிசம்பர் 7 அன்றும் தேர்வு நடந்தது. விண்ணப்பம் அதற்கு முன்னரே, அக்டோபர், நவம்பரில் முடிந்துவிடுகிறது. ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரையோரக் குடியிருப்பு ஒன்றில் வசிக்கும் அரசுப் பள்ளி மாணவி ஒருவரை எண்ணிப் பாருங்கள். காலாண்டுத் தேர்வு எழுதிக்கொண்டிருக்கும் அந்நாட்களில், சட்டம் என்றொரு படிப்பு தமக்கு உரியதா என்ற கேள்வியே அவருக்குள் எழுந்திராது. மே மாதம் முடிவு வந்தபின் அவர் ‘கிடைக்குமா?’ என்று கேட்கும்போது, அவர் வட்டத்திலேயே இருக்கும் பல்கலைக்கழகத்தின் சேர்க்கை ஏறத்தாழ முடிந்திருக்கும். அவர் தேர்வில் தோற்கவில்லை. தேர்வு நடந்ததே அவருக்குத் தெரியாது.

இரண்டாவது வடிகட்டி மொழி. 120 வினாக்கள், இரண்டு மணி நேரம், தவறான விடைக்குக் கால் மதிப்பெண் குறைப்பு. வினாக்கள் நீண்ட ஆங்கிலப் பத்திகளிலிருந்து எழுகின்றன. ஆங்கிலத்தில் மட்டுமே தேர்வு. சட்ட அறிவை அது முன்கூட்டி எதிர்பார்ப்பதில்லை என்பது உண்மை. அது எதிர்பார்ப்பது ஆங்கில நாளிதழின் தலையங்கத்தை வேகமாகப் படித்து வாதத்தைப் பிரித்தறியும் பயிற்சியை. அதற்குப் பள்ளிப் பாடத்திட்டத்தில் இடமில்லை, தனியார் பயிற்சி மையத்தில் உண்டு. மாநில மொழிகளிலும் நடத்த வேண்டும் என்று 2023-இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு தொடரப்பட்டது. இந்திய வழக்கறிஞர் மன்றமும் அதற்கு ஆதரவாக நின்றது. தேர்வு இன்னும் ஆங்கிலத்தில்தான் நடக்கிறது. கீழமை நீதிமன்றங்களில் தமிழ் ஆட்சி செய்யும் மாநிலத்தில் வழக்கறிஞராகத் தமிழில் வாதாடக் கூடியவர், சட்ட மாணவராவதற்கு ஆங்கில வேகத்தை நிரூபிக்க வேண்டும்.

இத்தனைக்கும் பின், கிளாட் எழுதியவர் தம் வாய்ப்பைக் கணிக்கும்போது செய்யக் கூடாதது ஒன்று: அகில இந்தியத் தரவரிசை எண்ணை மட்டும் பார்த்து மனமொடிவது. நாற்பதாயிரத்தைத் தாண்டிய எண்ணைப் பார்த்ததும் பலர் கலந்தாய்வுக்கே பதிவதில்லை. பார்க்க வேண்டியது, சென்ற ஆண்டு தமிழ்நாட்டுப் பட்டியல் சாதிப் பிரிவில், கடைசிச் சுற்றில், கடைசியாக இடம் பெற்றவரின் எண். முதல் சுற்றின் எண் அன்று. மேல்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கு மாணவர்கள் நகர நகர, அடுத்தடுத்த சுற்றுகளில் இந்த எண் கீழே இறங்கும். 2024 டிசம்பரில் நடந்த தேர்வில் விடைக்குறிப்புப் பிழைகள் டெல்லி உயர் நீதிமன்றம் வரை, பின் உச்ச நீதிமன்றம் வரை சென்று தரவரிசையே திருத்தப்பட்டது. அந்த எண் கல்வெட்டன்று.

மூன்றாவது வடிகட்டி பணம். அரசு சட்டக் கல்லூரியின் ஆண்டுக் கட்டணம் கூலித் தொழிலாளியின் குடும்பமும் சமாளிக்கக் கூடியது. கிளாட்டிலோ, விண்ணப்பத்துக்கே பட்டியல் சாதியினர் 3,500 ரூபாய் செலுத்த வேண்டும். பொதுப் பிரிவுக்கு 4,000. சலுகை 500 ரூபாய். கலந்தாய்வுப் பதிவுக்கு அண்மைய ஆண்டுகளில் ஒதுக்கீட்டுப் பிரிவினரிடம் 20,000 ரூபாய் கேட்கப்படுகிறது. அதன்பின் விடுதியோடு சேர்த்து ஆண்டுக்கு இலட்சங்களில் கட்டணம். ‘உதவித்தொகை வருமே’ என்பார்கள். இரண்டரை இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட ஆண்டு வருமானமுள்ள பட்டியல் சாதிக் குடும்பங்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. மத்திய அரசின் பங்கு 60, மாநிலத்தின் பங்கு 40. ஆனால் அது வருவது சேர்ந்த பிறகு. பணம் கேட்கப்படுவதோ சேரும் முன்பு, சில நாள் கெடுவுக்குள்.

இந்த இடைவெளி என்ன செய்யும் என்பதை 2024-இல் நாடே கண்டது. உத்தரப் பிரதேசத்துத் தினக்கூலித் தொழிலாளி ஒருவரின் மகன், தலித் மாணவர், தன்பாத் ஐஐடியில் இடம் பெற்றார். 17,500 ரூபாயைக் கெடு நேரத்துக்குள் கட்ட முடியாததால் இடம் பறிபோனது. அந்த ஆண்டுத் தேர்வை நடத்தியது சென்னை ஐஐடி என்பதால் அவர் சென்னை உயர் நீதிமன்றத்தையும் நாடினார். இறுதியில் செப்டம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் 142-ஆவது பிரிவின் அதிகாரத்தைப் பயன்படுத்தி இடத்தை மீட்டுத் தந்தது. ஒருவருக்குக் கிடைத்தது. கெடு தவறியபின் வழக்குத் தொடுக்காமல் வேலைக்குப் போனவர்களின் எண்ணிக்கையை எந்த நீதிமன்றமும் கேட்கவில்லை. 2021-இல் திருத்தப்பட்ட போஸ்ட் மெட்ரிக் வழிகாட்டு நெறிமுறைகள், தகுதியுள்ள மாணவர் முன்பணமின்றிச் சேர்வதற்கு ‘ஃப்ரீஷிப் கார்டு’ வழங்கலாம் என்கின்றன. இதை எழுத்து மூலம் கேட்டுப் பெறுவதும், மறுத்தால் மறுப்பை எழுத்து மூலம் வாங்குவதும் மாணவர் அமைப்புகள் இந்த ஆண்டே கையிலெடுக்க வேண்டிய வேலை.

இவ்வளவு சிரமப்பட்டு ஏன் சட்டம்? இதே மாவட்டத்தில், 2002-இல், திண்ணியத்தில் தலித்துகள் இருவர் மனித மலத்தை உண்ண வைக்கப்பட்டனர். வன்கொடுமை வழக்கு ஒன்றில் முதல் தகவல் அறிக்கையில் எந்தப் பிரிவு எழுதப்படுகிறது என்பதிலிருந்து, பிணை மனு விசாரணையில் பாதிக்கப்பட்டவரின் குரல் கேட்கப்படுகிறதா என்பது வரை எல்லாமே ஒரு வழக்கறிஞர் அருகில் நிற்கிறாரா என்பதைப் பொறுத்திருக்கிறது. பாதிக்கப்பட்டவருக்கு அந்த உரிமையைத் தரும் 15-அ பிரிவு 2016 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதைச் சொல்லி வாதிட ஆள் இல்லாத ஊர்களில் அது தாளில் மட்டும் இருக்கிறது. 1980-இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் தலித் நீதிபதியான ஏ. வரதராஜன் தமிழ்நாட்டிலிருந்து சென்றவர். படித்தது சென்னைச் சட்டக் கல்லூரியில். எனவே தேசியப் பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை என்பதற்காக அரசு சட்டக் கல்லூரியை இரண்டாந்தரமாகக் கருதும் புதிய மனப்பான்மைக்கு நம்மிடையே இடம் தர வேண்டியதில்லை. தேர்வைத் தமிழில் எழுதும் வாய்ப்பும் அங்கு உண்டு. நீதிமன்றத்துக்கு அடுத்த வாசலான வழக்கறிஞர் பதிவிலும் ஒரு தடை தகர்ந்திருக்கிறது: மாநில வழக்கறிஞர் மன்றங்கள் பல்லாயிரக்கணக்கில் வசூலித்துவந்த பதிவுக் கட்டணத்தை, சட்டம் சொல்லும் அளவைத் தாண்டக் கூடாது என்று 2024 சூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் தடுத்தது. பொதுப் பிரிவினர்க்கு 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினர்க்கு 125 ரூபாய்.

தேசியப் பல்கலைக்கழகத்தையும் விட்டுவிடலாகாது. பெருநிறுவன வழக்கறிஞர்களும் உயர் நீதிமன்ற மூத்த வழக்கறிஞர்களும் நீதிபதிகளின் உதவியாளர்களும் அதிகமாக உருவாகும் களம் அது. விளிம்புநிலை மாணவர்களைக் கிளாட்டுக்குத் தயார்செய்ய 2010-இல் ஷம்நாத் பஷீர் தொடங்கிய ஐடியா அமைப்பு போன்ற முயற்சிகள் இருக்கின்றன. ஆனால் ஆண்டுக்குச் சிலரைக் கைதூக்கிவிடும் தொண்டு, அரசின் கடமைக்கு ஈடாகாது. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளில் பதினோராம் வகுப்பிலேயே கிளாட் பற்றிய அறிமுகமும், விண்ணப்பக் கட்டணத்தைத் துறையே செலுத்துவதும் பெரும் செலவல்ல. அதுவரை, திருச்சியிலுள்ள கல்லூரி மாணவர்கள் தங்கள் ஊர்ப் பள்ளிகளுக்குப் போக வேண்டிய மாதம் மே அன்று, ஆகஸ்டு.

அப்போதே செய்துவிட வேண்டிய இன்னொரு காரியம் சாதிச் சான்றிதழ். பட்டியல் சாதியினர்க்கு வட்டாட்சியர் வழங்குவார். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் பெரும்பாலும் சில வாரங்களில் வந்துவிடும். துறையூர்ப் பக்கம் பச்சைமலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மாணவர்க்கு அவ்வளவு எளிதன்று. பழங்குடிச் சான்றிதழைக் கோட்டாட்சியர்தான் வழங்க வேண்டும். கள விசாரணை, பெற்றோரின் சான்றிதழ், உறவினரின் சான்றிதழ் என்று மாதக்கணக்கில் இழுக்கும். நூற்றில் ஒன்றாக இருக்கும் அந்த இடத்துக்கு, மதிப்பெண் இருந்தும் சான்றிதழ் கையில் இல்லாமல் கலந்தாய்வு மேசைக்கு முன் நிற்கும் மாணவருக்கு எந்தக் கட்-ஆஃப் கணக்கும் உதவாது. முடிவு வந்தபின் விண்ணப்பித்தால் காலம் போதாது. பதினோராம் வகுப்பு முடியும் கோடை விடுமுறையிலேயே மனுக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்த வேண்டும்.